மூணு லோரிப் படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம் ஓடியதா, படுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை. லோரியை எண்ணினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரையிடம் கேட்டு வாங்கிய கொழுந்து லோரி, லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும். கொட்டகை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பி வரும். மிச்சம் இருப்பவர்களை ஏற்றும். ஒரே நடையில் முடிந்துவிட்டால் அது ஒரு லோரிப் படம், அதாவது தோல்வி. இரண்டு லோரி என்றால் பரவாயில்லை. மூன்று லோரி என்றால் கங்காணிகூட யார் வீட்டுப் பிள்ளையையாவது மடியில் வாங்கிக்கொண்டுதான் உட்கார முடியும். திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் "நேத்துப் படம் எப்படி?" என்று கேட்டால் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். "ரெண்டு லோரி" என்பார்கள். விமர்சனம் முடிந்தது.

அந்த லோரிகளை நிரப்பியவர் பக்கிரிசாமி மாமா.

வாரத்தில் ஆறு நாள் அவர் பேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்குத் தீனி போடுகிறவர். பக்கத்தில் நின்றால் அவர் சட்டையிலிருந்து தேயிலைத் தூள் வாசம் வரும். குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர், காதில் பாதி பீடி. ஏழாவது நாள் மட்டும் அவர் வேறு ஆள்.

அப்போதெல்லாம் டவுன் கொட்டகையில் தமிழ்ப்படம் வராது. முதலாளி சீனர், அவரைத் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சீனப்படம் போடுவார். இந்திப்படமும் போடுவார், ஏனென்றால் அதற்குக் கம்பம் என்கிற பக்கத்துக் கிராமங்களிலிருந்து மலாய்க்காரர்களும் வருவார்கள், நாங்களும் போவோம். படத்துக்கு அடியில் மலாய் எழுத்து ஓடும். எங்கள் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் முதல் வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் கதாநாயகன் குதிரையேறிப் போயிருப்பான்.

1967-இல் பக்கிரி மாமாவுக்குக் கல்யாணமான புதிது. பெண் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துக் குடும்பம், பெயர் ரஞ்சிதம். முதல் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "என்னங்க சொல்றான்?" என்று அத்தை கேட்க, இவர் காதோடு சொன்னாராம். பின்வரிசைக்காரர்கள், "கொஞ்சம் சத்தமா சொல்லுண்ணே" என்றார்கள். சத்தமாகச் சொன்னார். முன்வரிசையும் திரும்பிக் கேட்டது. அடுத்த வாரம் தவுக்கே பால்டின் அடுக்கி வரும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கையில் ஒரு கோப்பையில் கோப்பி ஓ என்கிற பால் விடாத காப்பியும் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஏறியவர் பன்னிரண்டு வருசம் இறங்கவில்லை. பெண்டாட்டிக்காகச் சொல்ல ஆரம்பித்த கதை, பெண்டாட்டி மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று.

அவருக்கு இந்தி எப்படித் தெரியும் என்று கேட்டால் ஈப்போவைக் காட்டுவார். அங்கே ஒரு பஞ்சாபி வாட்ச்மேனோடு மூன்று மாதம் ஒரே அறையில் இருந்தாராம். அந்த வாட்ச்மேன் ராத்திரி முழுக்க வேலைக்குப் போய்விடுவார், பகல் முழுக்கத் தூங்குவார் என்ற விவரத்தை ரஞ்சிதம் அத்தைதான் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. எங்கள் மலையில் மழை கேட்டுக்கொண்டா வரும்? மழை விழுந்தால் பாட்டும் கேட்காது, சண்டையும் கேட்காது. பக்கிரி மாமாவின் குரல் மட்டும் கேட்கும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிப் புனல் மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார். அதை வாயில் வைத்துக்கொண்டு, "இப்ப வில்லன் வரான், பாருங்க, அவன் மூஞ்சியே சரியில்ல" என்பார். முன்வரிசையில் உட்கார்ந்து அவரை வம்பிழுப்பது எங்கள் செட்டுக்கு வேலை.

"மாமா! அவன் இவ்வளவு நேரமா பேசுறான், நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்களே?"

"சுருக்கிச் சொல்றேண்டா. விரிவா வேணும்னா பம்பாய்க்கு பஸ் ஏறு."

"மாமா, அந்தப் பொம்பள யாரு?"

"இப்பத்தான வந்திருக்கா! வீட்டுக்குள்ள வரவங்கள வந்த ஒடனே யாருன்னு கேப்பியா? அப்பன் அப்படித்தான் வளத்தானா ஒன்ன?"

அவருக்கும் அவள் யாரென்று தெரியவில்லை என்பது அதன் அர்த்தம்.

1976-இல் ஒரு இந்திப்படம் வந்தது. அண்ணன் போலீஸ், தம்பி லோரி டிரைவர். கடத்தல் சாமான் ஏற்ற மாட்டேன் என்கிறான் தம்பி. வில்லன் ஆட்கள் பிரேக்கை அறுத்துவிடுகிறார்கள். லோரி மலைப் பாதையில் தாறுமாறாக ஓடி வளைவில் பாய்ந்து பள்ளத்தில் விழுகிறது. அதற்கப்புறம் படம் முழுக்க அண்ணன் அடிக்கிற அடிதான்.

படத்தில் லோரி அந்த வளைவை நெருங்கியது. மூன்றாவது வரிசையில் மணியம்மா அத்தை உட்கார்ந்திருந்தார். ஆயாக்கொட்டகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு ஒரே மகன், அர்ஜுனன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு போன லோரி, தாப்பா பாதையில் ஒரு வளைவில் விழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்தது அர்ஜுனன்.

திரையில் லோரி விழுந்தது. பக்கிரி மாமா புனலை வாயிலிருந்து எடுத்தார். திரும்ப வைத்தார்.

"தம்பி குதிச்சிட்டான்" என்றார். "லோரிதான் விழுந்துச்சு. அவன் முன்னாடியே குதிச்சிட்டான். ஒங்களுக்குச் சரியாத் தெரியல."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நன்றாகவே தெரிந்தது, யாரும் குதிக்கவில்லை. அடுத்த காட்சியில் சிதை எரிந்தது.

"மாமா, இது யாரு?"

"இது... பக்கத்து வீட்டுக் கெழவன். ரொம்ப நாளா சீக்கு."

தாய் வெள்ளைப் புடவையில் அழுதாள். "பையன் கடுதாசி போடலன்னு அழுவுறா" என்றார். கடைசியில் அண்ணன் வில்லனைத் துரத்தித் துரத்திச் சுட்டான்.

"மாமா, ஒரு லோரிக்கா இவ்வளவு கோவம்?"

"புது லோரிடா! கடன்ல வாங்குனது!"

கொட்டகையே சிரித்தது. மணியம்மா அத்தை சிரித்ததாக ஞாபகமில்லை. ஆனால் மறுநாள் தண்ணிக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, "ஏன் பக்கிரி, அந்தப் பையன் எங்க போயிருப்பான்?" என்று கேட்டார்.

"சிங்கப்பூரு போயிட்டான்க்கா. படத்துல காட்டல. எங்கிட்ட கேட்டா நான் சொல்வேன்ல."

அது மூணு லோரிப் படம்.

இதற்கிடையில் பக்கிரி மாமா தவுக்கேயை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். தமிழ்ப்படம் போடுங்க, தோட்டமே வரும் என்று. தமிழ்ப்படம் வந்தால் பால்டின் பெட்டிக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். "ஒரு படமாச்சும் பக்கத்துல உக்காந்து பாருங்களேன்" என்று ரஞ்சிதம் அத்தை பன்னிரண்டு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் அவருக்குத் தெரியும்.

1979-இல் தவுக்கே ஒருவழியாக இறங்கி வந்தார். ஒரு தமிழ்ப்படம், இரண்டு ஞாயிறு. மூணு லோரி வந்தால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு தமிழுக்கு. வராவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. பக்கிரி மாமா பேக்டரியில் அடுப்பை மறந்து ஆடினார். புதன்கிழமை நோட்டீஸ் வந்தது. வாங்கிப் பார்த்தார். மலைப் பாதை, வளைவு, அந்தரத்தில் ஒரு லோரி.

அந்த இந்திப்படத்தைத்தான் தமிழில் எடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும், சின்னையா அண்ணன் ஓட்ட, பக்கிரி மாமா லோரியில் நின்றுகொண்டு படத்தைப் புனலில் கூவிக்கொண்டே வந்தார். சின்னையா அண்ணன்தான் கொழுந்து லோரி டிரைவர். மேல் லயத்தில் கூவினார். நடு லயத்தில் கூவினார். கீழ் லயத்துக்கு வந்ததும் புனலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் மணியம்மா அத்தை வீடு. ஆனால் நோட்டீஸ் அவருக்கு முன்னாடியே வந்துவிட்டிருந்தது. குழாயடியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"பக்கிரி! அந்த லோரிப் படம்தான?"

"ஆமாக்கா."

"தமிழ்லயா?"

"ஆமா."

"அப்ப அந்தப் பையன் தமிழ்ல பேசுவான்ல."

பக்கிரி மாமா லோரியிலிருந்து இறங்கினார். மஃப்ளரை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

"நீங்க போவாதீங்கக்கா. படம் நல்லால்ல."

"ஏன்?"

"சண்டையே இல்ல. பாட்டும் கேவலம். தாப்பா கொட்டகைல ரெண்டு நாள்ல படத்தத் தூக்கிட்டான்லா. அந்தப் பையன் வேஷத்துக்கு ஒரு சோப்ளாங்கியப் போட்டிருக்கானுங்க."

மணியம்மா அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் குழாயடியில் அவர் மட்டுமா இருந்தார்? இன்னும் நாலு குடம் வரிசையில் இருந்தது. படத்துக்கு விளம்பரம் செய்கிறவரே படம் நல்லாயில்லை என்கிறார் என்றால் அது எவ்வளவு மோசமான படமாக இருக்க வேண்டும்! வெள்ளிக்கிழமை காலை கொழுந்துக் காட்டில் இதே பேச்சு. சனிக்கிழமை கியா பார்ம் காய்கறிக் கடைகள் வரைக்கும் போய்விட்டது.

முதல் ஞாயிறு, ஒரு லோரி. அதிலும் பின்பக்கம் காலி. நாங்கள் அதில் படுத்துக்கொண்டு போனோம்.

தவுக்கே வாசலில் நின்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "பக்கிரி! சத்து லோரி! சத்து லோரி சஜா, லா!" ஒரே ஒரு லோரி என்பதை அவர் சொன்ன விதத்தில் மலாய் தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

அன்றைக்குத்தான் பக்கிரி மாமா முதல்முறையாக நாற்காலியில், ரஞ்சிதம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "இப்பப் பாரு, வில்லன் வருவான்" என்றார். "எனக்குத் தமிழ் தெரியும், சும்மா இருங்க" என்று அத்தை கச்சான் கடலைப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார்.

திரும்பும் வழியில் லோரியில் பஞ்சாயத்து. பாதி வழியில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார் சின்னையா அண்ணன்.

"ஏம்ப்பா பக்கிரி, அன்னிக்கு என்னா சொன்ன? தம்பி குதிச்சிட்டான்னியே. இன்னிக்கு பாடையக் கட்டித் தூக்கிட்டுப் போறானுங்க. மூணு வருசமா எங்கள மடையனாக்கிட்டியே!"

"பக்கத்து வீட்டுக் கெழவன்னாரு!" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"சிங்கப்பூருன்னாரு!" என்றான் இன்னொருத்தன்.

பக்கிரி மாமா மஃப்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ரஞ்சிதம் அத்தைதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"அன்னிக்கு மூணாவது வரிசைல யாரு உக்காந்திருந்தா? கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

சின்னையா அண்ணன் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அன்றைக்கு வளைவுகளில் அவர் ஓட்டியதுபோல் மெதுவாக அதற்கு முன்னாலும் ஓட்டியதில்லை, பின்னாலும் இல்லை. எனக்கு வாயில் ஏதோ கசந்தது. கச்சானில் ஒரு சொத்தை இருந்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை. பக்கிரி எதை எதை மாற்றினான்? படத்தில் குதிரையில் வந்தாளே ஒருத்தி, அவள் உண்மையில் யார்? வில்லன் மாமனா, மச்சானா? படத்தைப் பார்க்காத ஒவ்வொருத்தருக்கும் இப்போது பார்த்தே ஆக வேண்டும். கூடவே யாரும் சொல்லிக்கொள்ளாமலேயே ஒரு ஒப்பந்தம்: மணியம்மாவிடம் மூச்சுவிடக்கூடாது, அவரை லோரியில் ஏற்றக்கூடாது.

பெண்கள் ஒரு திட்டம் போட்டார்கள். பவளம் அக்கா போய், "அத்தே, நாங்க எல்லாம் படத்துக்குப் போறோம், ஞாயித்துக்கெழம மட்டும் கைப்பிள்ளைங்களப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். "பாத்துக்கிறேன், போ" என்றார் அத்தை. எல்லாருக்கும் நிம்மதி.

ஞாயிறு வந்தது. முதல் லோரி நிறைந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது புறப்படும்போது கீழ் லயத்துப் படியில் மணியம்மா அத்தை ஏறி வந்தார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, பின்னால் விரல் சூப்பிக்கொண்டு ஏழு.

"அத்தே! பிள்ளைங்களப் பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே!"

"பாத்துக்கிறேன்னுதாண்டி சொன்னேன். எங்க வெச்சுப் பாத்துக்கிறேன்னு சொன்னேனா? கையக் குடு."

கையைக் கொடுக்காமல் என்ன செய்வது? ஏற்றினோம்.

கொட்டகை வாசலில் தவுக்கே மூன்று விரலைத் தூக்கியிருந்தார். எங்கள் பின்னாலேயே கியா பார்ம் காய்கறி லோரி ஒன்றும் ஆட்களோடு வந்து நின்றதும் நாலாவது விரல் பாதி வளைந்து நின்றது. பக்கிரி மாமா அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மணியம்மா அத்தை இறங்குவதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அதே மூன்றாவது வரிசை. மடியில் ஒரு பிள்ளை தூங்கிவிட்டது. படம் ஓடியது. தம்பி பேசினான், நல்ல தமிழில் பேசினான், அம்மாவிடம் சோறு கேட்டான். மணியம்மா அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிரேக் அறுந்தது. வளைவு வந்தது.

பக்கிரி மாமா எழுந்து நின்றார். பழக்கத்தில் திரைக்குப் பக்கத்தில் போனார். பால்டின் பெட்டி அங்கே இல்லை. புனலும் இல்லை. ஒரு கையில் கச்சான் பொட்டலம் இருக்க, மறு கையைக் குவித்து வாயில் வைத்தார். லோரி விழுந்தது. "தம்பி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் திரையில் தாய் அலற ஆரம்பித்துவிட்டாள். தமிழிலேயே அலறினாள், ஒவ்வொரு வார்த்தையும் எல்லாருக்கும் புரிந்தது. பக்கிரி மாமா ஒரு வார்த்தையாவது நுழைக்கிற இடைவெளி அதில் இல்லை. அன்றைக்கென்று பார்த்து மழையும் இல்லை.

படம் முடியும்வரை அவர் சுவரோடு நின்றார். நாங்கள் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை.

வெளியே வந்ததும் ஆட்கள் தானாக விலகி வழி விட்டார்கள். மணியம்மா அத்தை பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நேராக பக்கிரி மாமாவிடம் போனார்.

"ஏன் பக்கிரி, இவனுங்க கதைய மாத்திட்டானுங்க?"

பக்கிரி மாமா கையிலிருந்த பொட்டலத்தை இறுக்கினார்.

"இந்தில எடுத்தவன் ஒழுங்கா எடுத்திருந்தான். பையன் குதிச்சிடுவான். அதுதான் சரி. இவனுங்க தமிழ்ல எடுக்கிறேன்னு கெடுத்து வெச்சிருக்கானுங்க." அவர் கண் காய்ந்திருந்தது. பக்கிரி மாமாவின் கையில் நசுங்கிப்போயிருந்த கச்சான் பொட்டலத்தை வாங்கி, ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நீ சொன்ன கதைதாம்ப்பா கதை."

இந்திப்படத்தில் எரிந்த சிதையை அவரும் அன்றைக்கே கண்ணால் பார்த்திருந்தார். அதற்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ஆமாத்தே, மாத்திட்டானுங்க" என்றேன் நான்.

"பெரிய தப்பு" என்றார் சின்னையா அண்ணன். பவளம் அக்கா, கியா பார்ம் ஆட்கள், எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் தோட்டத்தின் தீர்ப்பு. மூணரை லோரி வசூல், ஆனால் கதையைக் கெடுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தின் தயவில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப்படம் வந்தது. பக்கிரி மாமா ரஞ்சிதம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் உரித்துக் கொடுத்தார். வில்லன் வருவதற்கு முன்னால் வாயைத் திறப்பார், அத்தை ஒன்றைத் திணித்துவிடுவார். மூன்று வருசம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் வீடியோ வந்தது. லோரிகள் ஒன்றாகி, அரையாகி, நின்றன. கொட்டகையில் இப்போது கோஸ் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கும் பத்தொன்பது வயதாகிவிட்டது. பாரம் டூவோடு, அதாவது எட்டாவதோடு, நின்ற படிப்பு நின்றதுதான், பேக்டரியில் பக்கிரி மாமா அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு.

போன மாதம் அந்தப் படத்தின் கேசட் வந்திருந்தது. ஞாயிறு மத்தியானம் கிராணி வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. பக்கிரி மாமாவும் ரஞ்சிதம் அத்தையும் தரையில், மணியம்மா அத்தை பெஞ்சில். பொத்தானை அமுக்கும் பொறுப்பு என்னுடையது. பிரேக் அறுந்ததும் நான் கேசட்டை வேகமாக முன்னால் ஓட்டிவிட்டேன். படம் கோடு கோடாக ஓடியது.

"ஏண்டா தாண்டுற?" என்றார் மணியம்மா அத்தை. "திருப்பிப் போடு. தப்பா எடுத்திருந்தா என்னா, அவன் பேசுறதக் கேக்கலாம்ல."

திருப்பிப் போட்டேன். அவன் பேசினான். வளைவு வந்தது. லோரி விழுந்தது.

"குதிச்சிட்டான்" என்றது தரையிலிருந்து ஒரு குரல். புனல் இல்லாமல், மெதுவாக.

பழைய வம்பு எனக்கு வாயில் வந்துவிட்டது. "எங்க போனான் மாமா?"

"சிங்கப்பூருடா. வேற எங்க? அங்கதான் லோரி ஓட்டுறான்."

மணியம்மா அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லோரி வேணாம் பக்கிரி" என்றார். "வேற வேலை பாக்கச் சொல்லு."